அதிகாரபூர்வமற்ற சேகரிப்புப் பொம்மை: தரம் பார்த்து வாங்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பெரிய சாலையில் என் அண்ணன் ஒரு புத்தகக் கடை நடத்துகிறார். அதன் பின்கட்டில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. ஞாயிறு காலைகளில் அங்கே உட்கார்ந்து, கை கழன்ற, இடுப்பு தளர்ந்த பொம்மைகளைச் சரிசெய்து கொடுக்கிறேன். சுற்றிலும் உள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களைவிட ஆவலாக அப்பாக்கள் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருபவற்றில் பெரும்பாலானவை அதிகாரபூர்வமற்றவை. ஒரிஜினலின் விலை சம்பளத்துக்கு எட்டாதபோது அது இயல்புதான். ஆனால் குறைந்த விலையானாலும் அது உழைத்த காசு. அதைக் கொடுத்து ஏமாறுவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை.

என் அப்பா தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவர். ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். காற்றுக் குமிழி, மரப்பட்டைத் துகள், பூஞ்சை, புகை மிஞ்சிய கருமை எல்லாம் அந்த ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆர்எஸ்எஸ் எனப்படும் புகையிட்ட வரி ஷீட்டின் 1 முதல் 5 வரையான தரங்களை எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலும் கையாலும் பிரித்துவிடுவார். பொம்மையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நம்புகிறேன். பெட்டியில் அச்சடித்த பெயரை மறந்துவிட்டு, பொருளை வெளிச்சத்தில் பிடித்து, ‘நம் ஊர் வெயிலிலும் மழையிலும் ஓர் ஆண்டு கழிந்த பிறகு இது எப்படி இருக்கும்?’ என்று கேளுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை.

அதிகாரபூர்வமற்றது என்றாலே போலிதானே?

இல்லை. இந்தச் சந்தையில் குறைந்தது மூன்று வகைகள் கலந்து கிடக்கின்றன. வகை தெரியாமல் தரம் பேச முடியாது.

முதலாவது நகல். சேகரிப்பாளர்கள் இதைக் ‘கேஓ’ (‘நாக்-ஆஃப்’ என்பதன் சுருக்கம்) என்பார்கள். ஒரிஜினல் பொம்மையைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, புதிதாக அச்சு வெட்டி ஊற்றுவது. சில சமயம் அளவைப் பெரிதாக்கியும் செய்வார்கள். உருமாறும் ரோபோ பொம்மைகளான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் தகாரா டோமி நிறுவனம் 2011இல் வெளியிட்ட மாஸ்டர்பீஸ் எம்பி-10 ஆப்டிமஸ் பிரைமின் பெரிதாக்கிய நகல் சேகரிப்பாளர்களிடையே மிகவும் பிரபலம்.

இரண்டாவது மூன்றாம் தரப்புப் பொம்மை. உரிமம் வாங்காத ஒரு குழு, தெரிந்த ஒரு கதாபாத்திரத்தைத் தானே புதிதாக வடிவமைத்து, வேறொரு பெயர் சூட்டி விற்பது. உரிமம் இல்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் மூட்டும் மடிப்பும் அவர்களே யோசித்தவை. இவற்றில் சில, ஒரிஜினலைவிட விலை கூடியவை.

மூன்றாவது துணைப் பாகங்கள். ஒரிஜினல் பொம்மைக்கு மாற்றிப் போடும் கை, ஆயுதம், இடைவெளி மூடும் கவசம் போன்றவை.

நகலை ஒரிஜினலோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள். மூன்றாம் தரப்புப் பொம்மைக்கு ஒப்பிட மூலம் எதுவும் இல்லை. அதை அதன் வேலைப்பாட்டைக் கொண்டே எடை போட வேண்டும்.

இவற்றை வாங்குவது குற்றமா?

சட்டத்தின் கண் முதலில் விற்பவர் மேல்தான் விழும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி, பிறருடைய முத்திரையைப் பொய்யாகப் பதித்த பொருளை விற்பது குற்றம். ஒரிஜினல் நிறுவனத்தின் சின்னத்தை அப்படியே பதித்த நகலை எடுத்து மறுவிற்பனை செய்ய நினைக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் தரப்புப் பொம்மைகள் விநோதமான புனைபெயர்களோடு வருவதற்கும் இந்த அச்சமே காரணம். பெயரை மாற்றினாலும் உருவத்தின் உரிமை குறித்த சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. ஒரிஜினல் வாங்க வசதி உள்ளவர்களை ஒரிஜினலையே வாங்கச் சொல்வேன். அந்த முகத்தையும் வடிவத்தையும் முதலில் கற்பனை செய்தவர்களுக்குப் போக வேண்டிய கூலி அது.

விளம்பரப் படத்தைப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. விற்பனைக்கு முன் வரும் படம் பெரும்பாலும் கணினியில் வரைந்ததாகவோ, கையால் பெயின்ட் அடித்த மாதிரிப் பொம்மையாகவோ இருக்கும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஊற்றி வருவது வேறு பொருள். ‘கையில் இருக்கும் பொருளின் படம் அனுப்புங்கள்’ என்று விற்பவரிடம் கேளுங்கள். முகத்தைக் காட்டினால் போதாது. முழங்காலின் பின்பக்கம், அக்குள், பாதத்தின் அடி, முதுகு ஆகிய நான்கு இடங்களைக் கேளுங்கள். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது கண்ணில் படாத இடங்களில்தான். முழங்காலுக்குப் பின்னால் கூடு வெறுமையாக, உள்ளே திருகாணி தெரியத் திறந்து கிடந்தால், மற்ற இடங்களிலும் எங்கே மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று ஊகித்துவிடலாம். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

பெட்டி கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது?

பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் காணொளியை ஓடவிடுங்கள். பெட்டியின் ஆறு பக்கங்களும், நாடாவை வெட்டும் கணமும், பாகங்களை எண்ணும் காட்சியும் ஒரே தொடர்ச்சியாகப் பதிவாக வேண்டும். பின்னால் வழக்கு என்று வந்தால் இதுதான் உங்கள் சாட்சி.

அடுத்தது வாசனை. புது பிளாஸ்டிக்கில் லேசான வாடை இருக்கும். இரண்டு நாள் காற்றில் வைத்தால் போய்விடும். வாரம் கடந்தும் தலைவலி வரும் அளவுக்கு நெடி அடித்தால் எனக்கு அந்தப் பொருளின் மேல் நம்பிக்கை வராது. பெயின்ட் சரியாக உலராததாலும், மென்மையான பிளாஸ்டிக்கில் மலிவான சேர்மானம் கூடியதாலும் அந்த நெடி வரலாம். எதுவானாலும் படுக்கையறை அலமாரியில் வைக்காதீர்கள்.

பிறகு தெளிந்த பாகங்களை அப்பா ஷீட்டைப் பிடித்ததுபோல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கண்ணாடி, விளக்கு, வாளின் ஒளிரும் பகுதி போன்றவற்றில் குமிழியோ மெல்லிய கீற்றோ தெரிந்தால் அந்த இடத்தில்தான் நாளை விரிசல் ஓடும்.

அண்ணே, பொம்மையின் மூட்டுகளை எப்படிச் சோதிப்பது? முறுக்கினால் உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நல்லது தம்பி. முதல் நாளில் உடையும் பொம்மைகளில் பெரும்பாலானவை அவசரத்தால் உடைபவை.

அசைக்கும் முன் மூட்டு எந்த வகை என்று பாருங்கள். பள்ளி அறிவியல் பாடத்தில் நம் உடம்புக்குச் சொன்ன பெயர்களே இங்கும் பொருந்தும். தோளிலும் இடுப்பிலும் பந்துக் கிண்ண மூட்டு, முழங்கையிலும் முழங்காலிலும் கீல் மூட்டு. கனமான ரோபோக்களில் பல்சக்கரம் ‘டக், டக்’ என்று படிப்படியாக நகரும் ராட்செட் மூட்டும் உண்டு.

பெயின்ட் அடித்த மூட்டு என்றால், பெயின்டே பசையாக மாறி ஒட்டியிருக்கக்கூடும். அதை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உள்ளிருக்கும் காம்பு முறிந்து போகும். முடி உலர்த்தும் கருவியின் சூட்டையோ, கை பொறுக்கும் சுடுநீரையோ ஓரிரு நிமிடம் காட்டுங்கள். பிவிசி என்ற மென்மையான பிளாஸ்டிக் உடனே இளகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் அசைத்தால் பிடி விடும்.

இப்போது உண்மையான சோதனை. பொம்மையோடு வந்த ஆயுதங்களில் ஆகக் கனமானதை அதன் கையில் கொடுத்து, கையைத் தரைக்கு இணையாக நீட்டி வையுங்கள். ஒற்றைக் கால் ஒரு படி முன்னால் இருக்கட்டும். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கை இறங்கியிருந்தால் தோள் மூட்டுக்குப் பிடி போதவில்லை. முன்னால் சாய்ந்திருந்தால் கணுக்கால் பலவீனம். கடையில் ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பதால் எதுவும் தெரியாது.

ராட்செட்டில் சத்தம் பெரிதாகக் கேட்டால் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். சத்தத்தைவிட படிகளின் இடைவெளியைக் கவனியுங்கள். படிகள் அகலமாக இருந்தால் பொம்மை ஒரு படியில் முன்னால் சாயும், அடுத்த படியில் பின்னால் சாயும். நேராக நிற்க இடமே இருக்காது. இரண்டு இடுப்பையும் திருப்பிப் பாருங்கள். ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தொளதொளவென்றும் இருந்தால் சுருள்வில் சரியாக உட்காரவில்லை. திருகாணி போட்ட பொம்மையானால் திறந்து சரிசெய்யலாம். பசையிட்டு மூடியதென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆகவே திருகாணி தெரிகிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். பொம்மையைத் திறக்கும் வழி அதுதான்.

கடைசியாக, மூட்டின் ஊசி நுழையும் துளையைச் சுற்றிப் பாருங்கள். நிறப் பிளாஸ்டிக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது அழுத்தத் தழும்பு. ஊசிக்குத் துளை போதாமல் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். அந்த இடம் வாரத்திலோ வருடத்திலோ பிளக்கத்தான் போகிறது. தெளிந்த பிளாஸ்டிக்கில் உலோக ஊசி அடித்திருந்தால் அந்த மூட்டை அசைக்கவே வேண்டாம். தெளிந்த பிளாஸ்டிக்கில் விரிசல் விழுந்தால் அது நில்லாமல் ஓடும்.

நகலில் பாகங்கள் சரியாகப் பொருந்தாதது ஏன்?

சூடாக ஊற்றிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பொம்மைகளின் கடினமான பாகங்களுக்கு ஊற்றும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் ஏறக்குறைய நூற்றில் அரைப் பங்கு சுருங்குகிறது. அசல் அச்சை வெட்டியவர் அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் கூட்டித்தான் வெட்டியிருப்பார். நகல் செய்பவர் கையில் இருப்பதோ ஏற்கெனவே சுருங்கிய பொம்மை. அதை அளந்து, மறுபடியும் ஊற்றினால், கணக்குத் தவறியவரின் பாகம் இன்னொரு முறை சுருங்கும். உடம்பு முழுவதும் ஒரே அளவில் சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. தடித்த பகுதி கூடுதலாகவும் மெல்லிய பகுதி குறைவாகவும் சுருங்குவதால் காம்பும் துளையும் ஒன்றையொன்று விட்டு விலகிவிடுகின்றன. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே மூட்டின் பிடி போய்விடும்.

அச்சு தேய்ந்ததா என்பதை அறிய ஓரங்களைத் தடவிப் பாருங்கள். இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் கோட்டில் காகிதம் போன்ற பிசிறு நின்றால் அச்சு இறுக மூடவில்லை. முகத்தில் மூக்கின் முனையும் உதட்டின் விளிம்பும் மழுங்கித் தெரிந்தால், பலமுறை ஊற்றித் தேய்ந்த அச்சிலிருந்து வந்ததாக இருக்கலாம். பிசிறைக் கத்தியால் நீக்கிவிடலாம். மழுங்கிய முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எந்த பிளாஸ்டிக் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நகத்தால் தட்டினால் ஏபிஎஸ் கணீரென்று ஒலிக்கும். பிவிசி மந்தமாக ஒலிக்கும், விரலால் அழுத்தினால் லேசாக வளையும். தடவினால் சோப்பைப்போல் வழுக்கும், பெயின்டே பிடிக்காத பாகம் இருந்தால் அது பெரும்பாலும் பிஓஎம் (POM) என்ற பிளாஸ்டிக். தேய்மானம் தாங்கும் என்பதால் மூட்டின் உள்ளே அதை வைப்பது நல்ல வடிவமைப்பாளரின் அடையாளம்.

பெயின்ட் இல்லாத சிறு துணைப் பாகம் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. சாதாரண நீரில் ஏபிஎஸும் பிவிசியும் மூழ்கும். நீரில் உப்பைக் கரையும் மட்டும் கரைத்துவிட்டுப் போட்டால் ஏபிஎஸ் மிதக்கும், பிவிசி பெரும்பாலும் மூழ்கியே கிடக்கும். உள்ளே காற்று அடைபட்ட பாகத்துக்கும் உலோகம் சேர்ந்த பாகத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. அசிட்டோன் தொட்டுப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஏபிஎஸ் அதில் கரைந்துவிடும்.

ஏபிஎஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மூன்று எழுத்துகளில் நடுவில் உள்ளது பியூட்டடையீன். அதிலிருந்து உருவாவது ஒரு செயற்கை ரப்பர். வெறுமனே உடைந்துபோகும் பிளாஸ்டிக்குக்குள் மிக நுண்ணிய ரப்பர் துகள்கள் கலந்திருப்பதால்தான் ஏபிஎஸ் அடியைத் தாங்குகிறது. வளைக்கும்போது தோன்றும் வெள்ளைத் தழும்பும் அந்தத் துகள்களைச் சுற்றி உண்டாகும் நுண்ணிய பிளவுகள்தான். வெயில் பட்டுப் பல ஆண்டு கழித்து வெள்ளைப் பாகங்கள் மஞ்சளாவதில் அந்த ரப்பர் பகுதிக்கும் பங்கு உண்டு. பால்மரக் காட்டில் வளர்ந்த எனக்கு, பொம்மையின் உயிரும் ரப்பரில் இருக்கிறது என்று முதன்முதலில் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. ரப்பர் பங்கைக் குறைத்து மலிவாக்கிய பிளாஸ்டிக் கைதவறித் தரையில் விழுந்ததும் பிஸ்கட்டைப்போல் நொறுங்கும்.

கனமாக இருந்தால் தரம்தானே?

கனம் மயக்கும். உள்ளே துத்தநாகக் கலவை வார்ப்பு இருக்கிறது என்று விளம்பரம் செய்வார்கள். பாதத்திலும் கீழ்க்காலிலும் இருந்தால் பொம்மை நன்றாக நிற்கும். மார்பிலும் முதுகிலும் வைத்தால் அந்தப் பாரம் முழுவதும் இடுப்பு மூட்டின் மேல் இறங்கும். எங்கே கனம் என்று பாருங்கள்.

துத்தநாகத்தில் ஈயம் போன்ற கலப்படம் கூடினால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். ஈரமான காற்று அதை விரைவுபடுத்தும். பெயின்டில் காரணமில்லாமல் கொப்புளம் எழும்பினால் இந்த நோயாக இருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது.

பெரிதாக்கிய நகல் நிமிர்ந்து நிற்பதில்லையே, ஏன்?

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். ஒரு பொம்மையை எல்லாப் பக்கமும் 30 விழுக்காடு பெரிதாக்கினால் உயரம் 1.3 மடங்கு. எடையோ 1.3ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, அதாவது ஏறக்குறைய 2.2 மடங்கு. கையும் நீண்டுவிட்டதால் தோள் மூட்டைக் கீழ்நோக்கித் திருப்பும் விசை இன்னும் 1.3 மடங்கு கூடி 2.9ஐ நெருங்கும். ஒரிஜினலின் மூட்டையே அப்படியே பெரிதாக்கியவர் இந்தக் கூடுதல் பாரத்துக்கு ஏதும் செய்யவில்லை என்றால் கை தொங்கத்தான் செய்யும். நல்ல தயாரிப்பாளர் தோளிலும் இடுப்பிலும் ராட்செட்டை மாற்றியிருப்பார், உலோகக் காம்பு வைத்திருப்பார். பெரிதாக்கிய நகலை வாங்கும் முன் ‘மூட்டில் என்ன மாற்றம்?’ என்று மட்டும் கேளுங்கள்.

அலமாரியில் மற்ற பொம்மைகளோடு சேர்த்து நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அளவையும் பாருங்கள். 1/18 அளவில் மனித உருவம் ஏறத்தாழ 3.75 அங்குலம், 1/12இல் 6 அங்குலம், 1/6இல் 12 அங்குலம்.

பெயின்டில் எதைப் பார்ப்பது?

கண்ணைப் பாருங்கள். இன்றைய பொம்மைகளில் கண்ணும் சின்னமும் அச்சாகப் பதிக்கப்படுகின்றன. பதிவு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பார்வை மாறுகண்ணாகிவிடும். பிறகு நிறங்கள் சந்திக்கும் எல்லை, அதன் பிறகு பெயின்டின் தடிப்பு. தடித்த பெயின்ட் செதுக்கிய கோடுகளை நிரப்பிவிடும்.

முலாம் பூசிய பளபளப்பான பாகங்களை விரலால் அடிக்கடி தொடாதீர்கள். நம் ஊர் வியர்வைக்கு அது தாக்குப்பிடிக்காது.

பொம்மை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கெட்டுவிட்டதா?

என் மேசைக்கு ஆக அதிகமாக வரும் கேள்வி இது. மழைக்காலம் முடிந்ததும் வரிசையாக வருவார்கள்.

பிவிசியை மென்மையாக்க நெகிழ்வூட்டி என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். வெப்பத்தில் அது மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வரும். காற்றோட்டம் இருந்தால் ஆவியாகிப் போகும். மூடிய பெட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ அடைத்து வைத்தால் போக வழியில்லாமல் மேலேயே படிந்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று கட்டி வைத்த பொம்மைகள்தான் முதலில் பிசுபிசுக்கின்றன. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, மென்மையான பல்துலக்கியால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டே மாதத்தில் மறுபடி ஒட்டினால் அந்தப் பிளாஸ்டிக்கின் கலவையே சரியில்லை.

மென்மையான பிவிசி அங்கியையோ டயரையோ கடினமான பாகத்தோடு அழுத்தி வைக்காதீர்கள். கசியும் நெகிழ்வூட்டி கடினப் பிளாஸ்டிக்கை அரித்துத் தழும்பாக்கும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதும் அதே அளவு கெடுதல். நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உச்சி வெயிலில் முன்பலகை மேல் 60 பாகைக்கு மேல் ஏறும். பிவிசி வாள் வளைந்துவிடும்.

இதைவிட வேதனையானது செயற்கைத் தோல் ஆடை. 1/6 அளவுப் பொம்மைகளுக்குப் போடும் மேலங்கி பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய துணி. காற்றின் ஈரம் அந்தப் பூச்சைச் சிதைக்கிறது. நான் ஆசையாகச் சேமித்து வாங்கிய ஓர் அதிகாரபூர்வமற்ற படைவீரனின் மேலங்கி மூன்றாம் ஆண்டில் தோளிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தது. விற்ற கடை ‘உண்மைத் தோல்’ என்று சொல்லியிருந்தது. ஒரிஜினல் நிறுவனங்களின் பொம்மைகளுக்கும் இந்தக் கதி உண்டு என்பதால், நம் நாட்டில் துணி மேலங்கி போட்ட பொம்மையைத் தேடுவதே புத்திசாலித்தனம். கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து காற்று விடுங்கள்.

ஒரிஜினல் என்றால் இந்தத் தொல்லைகள் இல்லையா?

குறைவு, அவ்வளவுதான். உலோகத் துகள் கலந்த தங்க நிறப் பிளாஸ்டிக்கில் வந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் சில, தொட்டாலே நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டன. சேகரிப்பாளர்கள் இதற்குத் ‘தங்கப் பிளாஸ்டிக் நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உரிமம் பெற்ற பொம்மைதான் அதுவும்.

தளர்ந்த மூட்டை நானே இறுக்கலாமா?

பந்து மூட்டைக் கழற்றி, பந்தின் மேல் நீரில் கரையும் தெளிந்த அக்ரிலிக் பூச்சை மெல்லிதாகத் தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு பூச்சு. உடனடிப் பசையைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. முழுவதும் காயும் முன் மாட்டினால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிவிடும், ஆகவே பழகாதவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். இறுகிய மூட்டுக்குச் சிலிக்கான் எண்ணெய் ஒரு துளி போதும். தையல் இயந்திர எண்ணெயும் சமையல் எண்ணெயும் வேண்டாம்.

ஐந்து வயதுப் பையனுக்கு விளையாடக் கொடுக்கலாமா?

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலேசியாவில் பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தரத்தை 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்திருக்கின்றன. அதிகாரபூர்வமற்ற சேகரிப்புப் பொம்மைகள் அந்தச் சோதனைகளைக் கடந்து வந்தவை என்று எண்ணுவதற்கு இடமில்லை. பெயின்டில் ஈயம் இருக்கலாம். மென்மையான பாகத்தில் தாலேட் வகை நெகிழ்வூட்டி இருக்கலாம். அவற்றில் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் பொம்மைகளில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. எல்லாவற்றையும்விட ஆபத்து, கையிலும் ஆயுதத்திலும் பதித்த சிறு காந்தங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு பக்கத்திலிருந்து ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். அப்பாவின் பொம்மை மேல்தட்டில் இருக்கட்டும். பையனுக்குப் பாதுகாப்பு முத்திரை உள்ள பொம்மை வாங்கிக் கொடுங்கள்.

எவ்வளவு விலை கொடுக்கலாம்?

நகலுக்கு ஒரிஜினல் விலையில் பாதியைத் தாண்டிக் கொடுக்க எனக்கு மனம் வராது. இன்னும் கொஞ்சம் சேமித்தால் ஒரிஜினலே வந்துவிடும். மூன்றாம் தரப்புப் பொம்மைக்கு, வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் அஞ்சல் செலவையும் கூட்டியே ஒப்பிடுங்கள்.

ஒரிஜினல் என்று சொல்லி நகலைத் தந்துவிட்டார். இனி என்ன?

முதலில் உறுதிசெய்யுங்கள். ஒரிஜினலில் பாதத்திலோ தொடையின் உட்புறத்திலோ நிறுவனப் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். நகலில் அந்த இடம் வழித்து மழுப்பியிருக்கும், அல்லது எழுத்துகள் கலங்கியிருக்கும். பெட்டியில் எழுத்துப்பிழை, கையேட்டில் மங்கிய அச்சு ஆகியவையும் காட்டிக்கொடுக்கும்.

விற்பவர் உள்நாட்டு வணிகர் என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீது, உரையாடல் பதிவுகள், பெட்டி பிரித்த காணொளி மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நம்மில் பலர் ‘போகட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள்.

நீங்கள் உங்கள் நகலை இன்னொருவருக்குக் கைமாற்றும்போதும் இதே நேர்மை வேண்டும். ‘இது கேஓ, இடது இடுப்பு தளர்வு’ என்று சொல்லி விற்றால், வாங்குபவர் அடுத்த முறையும் உங்களிடமே வருவார்.

உடைந்த பொம்மையை உங்களிடம் கொண்டுவரலாமா?

ஞாயிறு காலை 9 முதல் 12 வரை இருப்பேன். தைப்பூசம், தீபாவளி வாரங்களில் இருக்க மாட்டேன். உடைந்த துண்டு எவ்வளவு சிறியதானாலும் ஒரு காகிதத்தில் மடித்துக் கூடவே கொண்டுவாருங்கள். முறிந்த காம்பின் நுனி இருந்தால்தான் உள்ளே துளையிட்டு ஊசி வைத்து இணைக்க முடியும். பசை போட்டு ஒட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள்.